பின்னணியை மாற்றும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். புகைப்படத் திருத்தத்தை எந்த மென்பொருளில் தொடங்குவது, எதை முதலில் கற்பது, பின்னணியை மாற்றிய பிறகு ஆள் வெட்டி ஒட்டியதுபோல் தெரிவது ஏன். மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கான விடை பிடிபட்டால் மற்ற இரண்டுக்கும் வழி தெரிந்துவிடும்.

ஆள் ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் ஓரம் சரியாக வெட்டப்படாததுதான் என்று புதிதாகக் கற்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் இன்னும் நல்ல வெட்டும் கருவியைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஓரத்தில் குறை இருக்கலாம், அது கண்ணுக்கும் தெரியும். ஆனால் முடி இழைவரை சுத்தமாக வெட்டிய படமும் புதிய பின்னணியில் அந்நியமாகவே நிற்பதுண்டு. ஆளை மாலை வெயிலில் எடுத்திருப்பார்கள், முகத்தின் இடப்பக்கம் மஞ்சளாக ஒளிரும். பின்னணியோ மேகம் மூடிய நண்பகல். அங்கே எந்தப் பொருளுக்கும் அழுத்தமான நிழல் இருக்காது, எல்லாமே கொஞ்சம் நீலம் பூத்திருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தவை அல்ல என்று ஒரு நொடியில் உணர்ந்துவிடுவார். பிறந்ததிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணை ஏமாற்றுவது எளிதல்ல.

ஆகவே பின்னணி மாற்றம் என்பதை இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரித்தெடுப்பது, மற்றொன்று பொருத்துவது. பாடக் காணொளிகள் பெரும்பாலும் முதல் வேலையிலேயே நின்றுவிடுகின்றன. படம் நம்பும்படி அமைவது இரண்டாவதில்தான்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க நீண்ட யோசனை வேண்டாம். ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய நிரல் அது, அடோபி நிறுவனம் வெளியிட்டது. அச்சு, விளம்பரம், ஸ்டூடியோ எனத் தொழிலாக இதைச் செய்ய நினைப்பவர் கடைசியில் அதற்கு வந்துசேர வேண்டியிருக்கும். 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா கட்டினால்தான் கிடைக்கின்றன. கற்கும் காலத்தில் அந்தச் செலவு தேவையில்லை. கிம்ப் முற்றிலும் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த அதன் 3.0 பதிப்பில், மங்கலாக்குதல் போன்ற பெரும்பாலான ஃபில்டர்களைப் பிறகு திரும்பப் போய் மாற்றும் வசதியும் வந்துவிட்டது. ஃபோட்டோபீ இணைய உலாவிக்குள்ளேயே இயங்கும். அதன் திரை அமைப்பும் விசைகளும் ஏறத்தாழ ஃபோட்டோஷாப் போலவே இருக்கும், ஃபோட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் முதல் முறை தொடுபவருக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன். அங்கே கற்றது எதுவும் பிறகு வீணாகாது.

லைட்ரூம், டார்க்டேபிள் ஆகியவை வேறு வகை மென்பொருள்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் ஒளியையும் நிறத்தையும் சீராக்குவதற்கானவை அவை. ஓர் ஆளைப் பிரித்தெடுத்து வேறு பின்னணியில் நிறுத்தும் வேலை அவற்றின் நோக்கத்திலேயே இல்லை. உங்களுக்கு வேண்டியது லேயர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு, உள்ள மென்பொருள்.

ஒரே தட்டலில் பின்னணியை நீக்கும் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு, சிறிய அளவில் பார்க்கப்படும் படத்துக்கு, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அவை எங்கே தவறு செய்தன என்று கண்டுபிடிக்கவும், அந்த இடத்தை மட்டும் கையால் சரிசெய்யவும் தெரிந்திருக்க வேண்டும். காது மடலை விட்டுவிடும், விரல்களுக்கு இடையில் பழைய சுவரை அப்படியே வைத்திருக்கும், கண்ணாடிச் சட்டத்தின் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். திருத்தத் தெரியாதவருக்கு அந்தப் படம் அங்கேயே முடிந்துபோகிறது.

இனி வரிசை. முதலில் பின்னணியைத் தொடவே வேண்டாம். சில நாட்களுக்குப் படத்தை நேராக்குவது, தேவையற்ற பகுதியை வெட்டுவது, வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது ஆகியவற்றை மட்டும் செய்யுங்கள். இதில் இரண்டு பழக்கங்கள் வந்துவிட வேண்டும். ஹிஸ்டோகிராமைப் படிப்பது ஒன்று. வழக்கமான ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 நிலைகள் இருக்கின்றன. 0 முழு இருள், 255 முழு வெளிச்சம். படத்தில் எந்த நிலையில் எவ்வளவு பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் சிறு புள்ளிகள், இருக்கின்றன என்பதை ஹிஸ்டோகிராம் மேடு பள்ளங்களாகக் காட்டுகிறது. வலது சுவரில் மேடு முட்டிக்கொண்டு நின்றால் அந்த வெளிச்சப் பகுதிகளில் விவரம் எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள், பிறகு எவ்வளவு இருட்டாக்கினாலும் அங்கே சாம்பல் நிறம்தான் வரும். மற்றொரு பழக்கம் கர்வ்ஸ், அதாவது ஒரு சாய்ந்த கோட்டை வளைத்து ஒளியையும் நிறத்தையும் மாற்றும் கருவி. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் பத்து கருவிகள் இருந்தாலும் கர்வ்ஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். கோட்டின் நடுவை மேலே தூக்கினால் படம் வெளிச்சமாகும். கீழ் மூலையை மேலே தூக்கினால் கறுப்பு வெளிறும். நீல அலைவரிசையை, அதாவது படத்தின் நீலப் பங்கை, மட்டும் தேர்ந்தெடுத்துக் கோட்டைக் கீழே இறக்கினால் படத்தில் மஞ்சள் ஏறும். பின்னணியைப் பொருத்தும் நேரத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்தக் கோடுதான், அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

அடுத்தது லேயரும் மாஸ்க்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தகடுகளாக லேயர்களை எண்ணிக்கொள்ளுங்கள். மேலே உள்ளதில் எங்கே படம் இருக்கிறதோ அங்கே கீழே உள்ளது மறையும், எங்கே வெறுமையாக இருக்கிறதோ அங்கே கீழே உள்ளது தெரியும். இன்று லேயர் இல்லாத ஃபோட்டோஷாப்பை நினைத்துப் பார்க்கவே முடியாது, ஆனால் 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. அதற்கு முன்பு ஒரு படத்தின் மீது இன்னொன்றை ஒட்டிவிட்டுத் தேர்வை விலக்கினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை.

மாஸ்க் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கற்க வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். புதிதாகக் கற்பவர்கள் பின்னணியை நீக்க அழிப்பான் கருவியை எடுக்கிறார்கள். அழித்த பிக்சல் போனது போனதுதான். அடுத்த நாள் திறந்து, தோளில் கொஞ்சம் அதிகமாக அழித்துவிட்டோம் என்று கண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை. ஒரு லேயருக்கு மாஸ்க் சேர்த்தால், அதே அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அதோடு இணைகிறது. அதில் வெள்ளையாக உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பான இடத்தில் மறையும், சாம்பலான இடத்தில் அந்தச் சாம்பலின் அளவுக்கேற்ப மங்கலாகத் தெரியும். கறுப்பு பிரஷ்ஷால் பூசி மறைத்ததை வெள்ளை பிரஷ்ஷால் பூசி மீட்கலாம். ஒரு மாதம் கழித்தும் மீட்கலாம்.

அந்தச் சாம்பலில்தான் அருமை இருக்கிறது. கத்தரிக்கோலுக்கு வெட்டுவது, வெட்டாதது என்ற இரண்டு நிலைகள்தான் தெரியும். மாஸ்க்குக்கு அவற்றுக்கு இடையிலும் நூற்றுக்கணக்கான நிலைகள் உண்டு. முடியின் நுனி, மெல்லிய துணி, அசைவில் கலங்கிய கை, குவியத்துக்கு வெளியே போன தோள்பட்டை ஆகியவற்றுக்கு உண்மையிலேயே கூர்மையான ஓரம் கிடையாது. அங்கே ஒரே பிக்சலில் பாதி ஆளும் பாதி பின்னணியும் கலந்திருக்கும். அதைச் சாம்பலால்தான் சொல்ல முடியும்.

கை பழக வேண்டிய விசைகள் சில. ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் பி விசை பிரஷ்ஷைத் தரும். டி விசை நிறங்களைக் கறுப்பு வெள்ளைக்குக் கொண்டுவரும். எக்ஸ் விசை இரண்டையும் இடம் மாற்றும். சதுர அடைப்புக்குறி விசைகள் பிரஷ்ஷைச் சிறிதும் பெரிதும் ஆக்கும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறு படத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரை முழுவதும் தெரியும், விடுபட்ட புள்ளிகளும் ஓட்டைகளும் அப்போது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு போதும். நூறு விசைகளை மனப்பாடம் செய்பவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

இப்போது பிரித்தெடுப்புக்கு வரலாம். ஓர் உருவம் முழுவதையும் ஒரே கருவியால் தேர்வு செய்ய முயல வேண்டாம். ஒரே ஆளிடம் பல வகை ஓரங்கள் இருக்கின்றன. சட்டையின் தோள் கூர்மையான கோடு, தலைமுடி இழை இழையானது, கன்னம் மென்மையான வளைவு, பின்னால் இருக்கும் கை மங்கலானது. மென்பொருளின் தானியங்கித் தேர்வால் தோராயமான ஒரு மாஸ்க்கை உருவாக்கிக்கொண்டு, அதன்பின் ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய முறையில் சரிசெய்யுங்கள்.

கூர்மையான ஓரங்களுக்கு, புள்ளிகளை வைத்து வளைகோடு வரையும் பென் கருவியை மிஞ்சியது எதுவும் இல்லை. அது வரையும் வளைவுகளுக்குப் பெசியே வளைவுகள் என்று பெயர். 1960-களில் ரெனோ நிறுவனத்தில் காரின் உடலை வடிவமைக்கப் பொறியாளர் பியர் பெசியே இவற்றைப் பயன்படுத்திப் பரப்பினார். இரும்புத் தகட்டில் நெளிவில்லாத வளைவு வேண்டும் என்பதற்காக வளர்ந்த கணிதம் என்பதால்தான் இந்தக் கருவியின் கோடு இவ்வளவு வழுவழுப்பாக வருகிறது. தொடக்கத்தில் கை இடறும், எல்லோருக்கும் இடறும். புள்ளிகளைக் குறைவாக வைப்பதே சூட்சுமம். வளைவு திசை மாறும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, நடுவில் உள்ளதை, புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடிக் கோடுகளை இழுத்துச் சரிசெய்யுங்கள். பாதையை ஓரத்தின் மீதே வரையாமல் ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே வரையுங்கள். பழைய பின்னணியின் நிறம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருவது இதனால் பெருமளவு குறையும்.

முடிதான் எல்லோரையும் சோதிக்கிறது. புதிய மென்பொருள்கள் முடியைத் தாமாகவே ஓரளவு நன்றாகப் பிரிக்கின்றன. அவை தடுமாறும்போது கைகொடுப்பது பழைய முறையான அலைவரிசை முறை. படத்தின் சிவப்பு, பச்சை, நீல அலைவரிசைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகத் தெரியும். முடிக்கும் பின்னணிக்கும் எதில் வேறுபாடு மிக அதிகமோ அதைத் தேர்ந்தெடுங்கள். நீல வானத்துக்கு முன் கருமுடி என்றால் நீல அலைவரிசையில் வானம் வெளுத்தும் முடி கறுத்தும் நிற்கும். அந்த அலைவரிசையைப் பிரதி எடுத்து, லெவல்ஸ் என்ற ஒளி சரிசெய்யும் கருவியைக் கொண்டு கறுப்பை இன்னும் கறுப்பாகவும் வெளுப்பை இன்னும் வெளுப்பாகவும் தள்ளுங்கள். மிச்சமிருக்கும் சாம்பல் பகுதிகளில் பிரஷ்ஷை ஓவர்லே முறையில் வைத்துப் பூசுங்கள். அந்த முறையில் வெள்ளையைப் பூசினால் சாம்பல் வெளுக்கும், முழுக் கறுப்பு அப்படியே இருக்கும். இழைகள் பிழைத்துக்கொள்ளும். முகமும் உடலும் உள்ள பகுதியைச் சாதாரண கறுப்பு பிரஷ்ஷால் நிரப்பி, கறுப்பையும் வெள்ளையையும் தலைகீழாக மாற்றினால் மாஸ்க் தயார்.

பழைய பின்னணி வெள்ளையாகவோ மிக வெளிர்நிறமாகவோ இருந்து, முடி கருமையாக இருந்தால் அதைவிட எளிய வழி உண்டு. ஆளின் லேயரைப் பிரதி எடுத்து, அதன் கலப்பு முறையை, அதாவது அது கீழே உள்ளதோடு கலக்கும் விதத்தை, மல்டிப்ளை என்று மாற்றி, முடியின் விளிம்பில் மட்டும் தெரியும்படி மாஸ்க் போடுங்கள். மல்டிப்ளையில் வெள்ளை கீழே உள்ளதைத் தொடாது, கறுப்பு மட்டும் பதியும். வெட்டாமலேயே ஒவ்வொரு இழையும் புதிய பின்னணியில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இதை ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வேன்.

தனித்துப் பறக்கும் ஒவ்வோர் இழையையும் காப்பாற்ற வேண்டியதில்லை. சிக்கலான சிலவற்றை விட்டுவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் அதே நிறத்தில் நான்கைந்து இழைகளை நீங்களே வரைந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

மாஸ்க் முடிந்ததும் ஒரு சோதனை. ஆளுக்குக் கீழே முதலில் முழுக் கறுப்பு லேயரை வைத்துப் பாருங்கள், பிறகு முழு வெள்ளை, பிறகு நடுத்தரச் சாம்பல். கறுப்பின் மீது வெளிர் வளையம் தெரியும், வெள்ளையின் மீது இருண்ட அழுக்கு தெரியும். வளையம் இருந்தால் மாஸ்க்கை ஓரிரு பிக்சல் உள்ளே சுருக்குங்கள். ஓரம் அறுத்ததுபோல் இருந்தால் அரை பிக்சலோ ஒரு பிக்சலோ மென்மையாக்குங்கள். படத்தில் உள்ள கூர்மையைவிட மாஸ்க்கின் ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது. கண் கூர்மையாகவும் காது மங்கலாகவும் உள்ள படத்தில், காதருகே மாஸ்க்கும் மங்கலாக இருக்க வேண்டும்.

ஓரத்தில் நிறக் கசிவும் இருக்கும். பச்சைச் செடிகளுக்கு முன் நின்றவரின் கன்னத்திலும் சட்டையிலும் பச்சை பிரதிபலித்திருக்கும், அது மாஸ்க்கால் போகாது. ஆளின் லேயரோடு மட்டும் இணைந்த ஒரு புதிய லேயரைச் சேர்த்து, கலப்பு முறையைக் கலர் என்று வைத்து, பக்கத்தில் உள்ள தோல் அல்லது துணியின் நிறத்தை எடுத்து ஓரத்தில் மெதுவாகப் பூசுங்கள். வெளிச்சமும் விவரமும் மாறாது, நிறம் மட்டும் மாறும்.

பிரித்தெடுப்பு முடிந்தது. இனிப் பொருத்துவது. இது மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, பின்னணியைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஆளின் முகத்தைப் பாருங்கள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளி எங்கே இருக்கிறது? நிழலின் விளிம்பு கத்தி போல இருக்கிறதா, கரைந்து போகிறதா? விளிம்பு கூர்மையென்றால் நேர் வெயில், கரைந்தால் மேகமூட்டமோ ஜன்னல் ஒளியோ. பின்னணியிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். திசை மட்டும் மாறியிருந்தால் பின்னணியை இடவலமாகத் திருப்பிப் போடலாம். ஆளைத் திருப்பினால் சட்டையில் உள்ள எழுத்தும் தலைமுடியின் வகிடும் இடம் மாறும், தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒளியின் தன்மையே வேறென்றால் அந்தப் பின்னணியை விட்டுவிடுங்கள். நேர் வெயிலில் எடுத்த முகத்தை மேகமூட்டத்தில் நம்ப வைக்க எந்தக் கருவியாலும் முடியாது.

அடுத்தது கேமராவின் உயரம். இதைப் பலரும் சொல்வதே இல்லை, ஆனால் படம் பொய்யாகத் தெரிவதற்கு வெளிச்சத்துக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். சமதரையில் நிற்கும் ஒருவரைப் படம் எடுத்தால், கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில்தான் தொடுவானக் கோடு அவரைக் கடக்கும். கேமரா கண்ணுயரத்தில் இருந்தால் கோடு கண்ணை ஒட்டிச் செல்லும். மார்பளவில் இருந்தால் மார்பை ஒட்டிச் செல்லும். அவர் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் இது மாறாது. எனவே புதிய பின்னணியின் தொடுவானக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். கட்டடங்களோ சாலையோ இருந்தால் அவற்றின் கிடைமட்ட இணைகோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் இடம் அந்தக் கோட்டில்தான் இருக்கும். ஆளைப் படம் எடுத்த கேமராவின் உயரத்துக்கு நேரான உடற்பகுதி அந்தக் கோட்டில் அமையும்படி நிறுத்துங்கள். எவ்வளவு பெரிதாக்குவது, எவ்வளவு சிறிதாக்குவது என்ற குழப்பமும் தீர்ந்துவிடும், ஏனென்றால் அந்த இடத்தில் கோடும் பாதமும் சேர்ந்தே அளவைத் தீர்மானித்துவிடுகின்றன.

இரண்டு படங்களை இணைப்பது கணினியோடு வந்த கலை அல்ல. 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளியை மிக வேகமாகப் பற்றிக்கொண்டதால் கடல் சரியாக வரும்போது வானம் வெளுத்துப் போனது. வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இணைப்பு விழுந்த இடம் தொடுவானக் கோடு. இயற்கையாகவே ஒரு விளிம்பு இருக்கும் இடத்தில் இணைப்பை ஒளித்த அந்த யோசனை உங்களுக்கும் பயன்படும். ஆளின் பாதத்தைப் புல்வெளியில் ஊன்றச் செய்வது கடினம், ஆனால் ஒரு சுவருக்கோ மேசைக்கோ பின்னால் நிற்க வைப்பது எளிது. தொடக்கத்தில் இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தில் நிறுத்தியாகிவிட்டது என்றால் முதலில் வெளிச்ச அளவு, பிறகு நிறம். இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யப் போனால் கண் குழம்பும். எல்லா லேயர்களுக்கும் மேலே தற்காலிகமாக கீழே உள்ளவற்றைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் ஒரு சரிசெய்தல் லேயரைப் போடுங்கள். நிறம் போனதும் ஆள் பின்னணியைவிட எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பது தெளிவாகத் தெரியும். ஆளின் லேயரில் மட்டும் செயல்படும்படி ஒரு கர்வ்ஸ் சேர்த்து, இரண்டின் ஆழ்ந்த கறுப்பையும் உச்ச வெளுப்பையும் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். இங்கே கறுப்பைக் கவனிப்பது மிக முக்கியம். தொலைவில் உள்ள எதுவும் காற்றின் மூட்டத்தால் முழுக் கறுப்பாக இருக்காது. மலையடிவாரத்தில் நிற்கும் ஆளின் முடி மட்டும் தார் போலக் கறுத்திருந்தால் அவர் மலையிலிருந்து பெயர்ந்து முன்னே வந்து நிற்பார். கர்வ்ஸின் கீழ் மூலையைச் சற்றே தூக்கினால் அவர் உள்ளே போய்விடுவார்.

பிறகு கறுப்பு வெள்ளை லேயரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நிறச்செறிவை உச்சத்துக்கு ஏற்றும் ஒரு லேயரை வையுங்கள். படம் கோரமாகத் தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆளில் ஆரஞ்சு தூக்கலாகவும் பின்னணியில் நீலம் தூக்கலாகவும் இருப்பது அப்போது கூச்சலிட்டுச் சொல்லும். சிவப்பு, பச்சை, நீலக் கர்வ்ஸ்களை ஒவ்வொன்றாக நகர்த்தி இரண்டையும் நெருங்கச் செய்துவிட்டு அந்த லேயரை நீக்குங்கள். இந்த இரண்டு தற்காலிக லேயர்களும் உங்கள் கண்ணுக்குப் பயிற்சி தருகின்றன. போகப் போக அவை இல்லாமலேயே வேறுபாடு தெரியத் தொடங்கும்.

முழு உருவமென்றால் நிழல் வேண்டும், அதிலும் இரண்டு நிழல்கள். பாதம் தரையைத் தொடும் இடத்தில், அடிப்பகுதியை ஒட்டி மிகக் குறுகலாகவும் மிக இருட்டாகவும் ஒரு நிழல். இது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். பிறகு ஒளிக்கு எதிர்ப்புறமாக நீளும் நிழல். பாதத்தருகே அடர்த்தியாகத் தொடங்கி, விலக விலக விளிம்பு கரைந்து வெளிறிப் போக வேண்டும். இரண்டையும் தனித்தனி லேயர்களில் மல்டிப்ளை முறையில் வையுங்கள். நிழலுக்கு முழுக் கறுப்பை எடுக்க வேண்டாம். பின்னணியில் ஏற்கெனவே உள்ள ஒரு மரத்தின் அல்லது கம்பத்தின் நிழலிலிருந்து நிறத்தை எடுங்கள். வெட்டவெளியில் வெயில் படாத இடத்துக்கு வானத்தின் ஒளிதான் வருகிறது, அதனால் நிழலில் நீலச்சாயல் இருக்கும்.

கடைசியாகப் புள்ளி இரைச்சலையும் கூர்மையையும் ஒப்பிடுங்கள். படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று வழுவழுப்பாகவும் மற்றொன்று மணல் தூவியதுபோலவும் இருக்கக்கூடும். வழுவழுப்பானதில் ஒரே நிறச்சாயலுள்ள இரைச்சலைச் சிறிது சேர்த்தால் போதும். ஆளைப் பெரிதாக்கி நிறுத்துவதைத் தவிருங்கள், இல்லாத பிக்சல்களை மென்பொருள் ஊகித்து நிரப்பும்போது முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

பின்னணியை மாற்றாமல் மங்கலாக்க மட்டும் விரும்புகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ஆளைத் தனி லேயராகப் பிரித்த பிறகு, கீழே உள்ள படத்தில் ஆள் இருந்த இடத்தைச் சுற்றுப்புறத்தால் நிரப்பிவிட்டு அதன்பின் மங்கலாக்குங்கள். அப்படியே மங்கலாக்கினால் ஆளின் நிறமும் சேர்ந்து கலங்கி, அவரைச் சுற்றி ஒளிவட்டம் போலப் பரவும்.

அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வெள்ளைப் பின்னணி போட்டுக்கொள்ளலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேலை எளிது. ஆனால் கணினியில் திருத்திய படங்களைக் கடவுச்சீட்டுக்கு ஏற்க மாட்டோம் என்று விதி வைத்துள்ள நாடுகள் இருக்கின்றன. வெள்ளைச் சுவரின் முன் நின்று எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

கோப்பைச் சேமிப்பதில் சுருக்கமாக மூன்று விஷயங்கள். லேயர்கள் உள்ள கோப்பை மென்பொருளின் சொந்த வடிவத்திலேயே வைத்திருங்கள், ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் அது பிஎஸ்டி, கிம்பில் எக்ஸ்சிஎஃப். பிறருக்கு அனுப்ப ஜேபெக் பிரதி எடுங்கள், அந்தப் பிரதியைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். பின்னணி இல்லாமல் ஆளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பிஎன்ஜி, ஏனென்றால் ஜேபெக்கில் வெறுமைக்கு இடமில்லை.

பயிற்சிக்கு இணையத்தில் கிடைக்கும் படங்களைவிட நீங்களே எடுக்கும் படங்கள் நல்லவை. கூர்மையான ஓரமுள்ள ஒரு கோப்பையில் தொடங்கி, தொப்பி அணிந்தவர், குட்டை முடி, சுருட்டை முடி என்று போங்கள். கண்ணாடிக் குவளையையும் புகையையும் கடைசிக்கு வையுங்கள்.

இவற்றோடு ஒரு பயிற்சியை மட்டும் கட்டாயம் செய்யச் சொல்வேன். ஒரு நண்பரை ஓரிடத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். அவரை விலகச் சொல்லிவிட்டு அதே நிலையிலிருந்து வெறும் பின்னணியை எடுங்கள். பிறகு அவரை வேறோர் இடத்தில், வேறு வெளிச்சத்தில் எடுங்கள். இந்த மூன்றாவது படத்திலிருந்து அவரைப் பிரித்து இரண்டாவது படத்தில் பொருத்துங்கள். முடித்துவிட்டதாகத் தோன்றும்வரை முதல் படத்தைத் திறக்க வேண்டாம். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையில் அந்த இடத்தின் வெளிச்சம் அவர் கன்னத்தில் எப்படி விழுந்தது, தரையின் நிறம் தாடைக்குக் கீழே எவ்வளவு ஏறியது, காலடி நிழல் எவ்வளவு இருட்டாக இருந்தது என்பதெல்லாம் முதல் படத்தில் எழுதப்பட்டிருக்கும். எங்கே அதிகம் விலகியிருக்கிறீர்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே மூன்று படங்களை வைத்து மறுபடியும் செய்யுங்கள்.